சிறை வாசலுக்கு வெளியே பதினான்கு நாட்கள்

சிறையிலிருந்து பிள்ளை விடுதலையாகி வருகிறான் என்றால் பெற்றவள் என்ன செய்வாள்? வீட்டைக் கழுவித் துடைப்பாள். அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பாள். வாசலில் நிறுத்தி ஆரத்தி சுற்றி, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்வாள். 'இனிமே ஒரு கஷ்டமும் இல்லைடா கண்ணா, எல்லாம் முடிஞ்சுது' என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எந்த ஊர்த் தாயாக இருந்தாலும் இதுதானே இயல்பு?

ஆனால் ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைக்கு ஆட்பட்டுச் சிறைக்குப் போனவன் விஷயத்தில், 'எல்லாம் முடிஞ்சுது' என்று தாய் பெருமூச்சு விடுகிறாளே, அந்த நாள்தான் மிகவும் ஆபத்தான நாள். அன்று தொடங்கி இரண்டு வாரத்துக்கு அவன் உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்தை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 'இந்தப் பேச்செல்லாம் குடும்பப் பத்திரிகையில் எதற்கு?' என்று முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சகோதரிகளே!

பக்கத்து வீட்டு அம்மாள்

கல்யாணமாகி அமெரிக்கா வந்த நாளிலிருந்து நாங்கள் இருப்பது ரோட் ஐலண்ட் மாநிலத்தில். பரப்பளவில் அந்த நாட்டின் ஐம்பது மாநிலங்களில் இதுதான் ஆகச் சின்னது. மொத்த ஜனத்தொகையே சுமார் 11 லட்சம்தான். எங்கள் ஊர் கிரான்ஸ்டன். மாநிலத்துச் சிறைகள் அத்தனையும் ஒரே வளாகமாக எங்கள் ஊரில்தான் இருக்கின்றன. விசாரணைக் கைதி, தண்டனைக் கைதி, ஆண், பெண் எல்லோருக்கும் இங்கேதான்.

பக்கத்து வீட்டில் இத்தாலிய வம்சத்து அம்மாள் ஒருவர். எழுபதை நெருங்கும் வயது. கணவர் தவறிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தக்காளிக் குழம்பு கொதிக்கும் வாசனை வேலியைத் தாண்டி வரும். அதை அவர் 'கிரேவி' என்பார். எனக்கு ஒரு கிண்ணம் வரும், மாமிசம் போடாமல் தனியாக எடுத்துவைத்தது. பதிலுக்கு நான் ரசம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஜலதோஷத்துக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று ஒரே புகழ்ச்சி!

அவருடைய ஒரே மகன் கூரை போடும் வேலை பார்த்தவன். ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடி. வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது ஆக்ஸிகோடோன் என்ற மாத்திரை. 1990களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் இந்த வகை வலி மாத்திரைகளைத் தாராளமாக எழுதித் தள்ளினார்கள். இவையும் அபின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். முதுகு வலி தீர்ந்தது, மாத்திரை விடவில்லை. மாத்திரைச் சீட்டு நின்றதும் தெருவில் வாங்கினான். அது கட்டுப்படியாகாமல், அதைவிட மலிவான ஹெராயினுக்குப் போனான். காசுக்காகத் திருட்டு, பிறகு போலீஸ், பிறகு சிறை. படிப்படியாக இறங்குகிற படிக்கட்டு இது. எத்தனையோ வீடுகளில் இதே கதைதான் என்றார் அந்த அம்மாள்.

முதல் முறை அவன் பிடிபட்டது வேறொரு மாநிலத்தில். அங்கே இருந்த சிறையில் அவனுக்கு எந்த மருந்தும் தரவில்லை. போதை நின்றதும் உடம்பு படுகிற பாடு இருக்கிறதே, அது சாதாரணமல்ல. கொட்டாவியும் மூக்கொழுகலுமாக ஆரம்பிக்கும். பிறகு உடம்பெல்லாம் புல்லரித்து, வியர்த்து, வாந்தியும் பேதியுமாகப் போகும். எலும்பு முறிவது போல் வலி, ஒரு கண் தூக்கமிருக்காது. நான்கைந்து நாள் அப்படியே கிடந்தான். நீர்ச்சத்து வற்றிச் செத்துப்போகிறவர்களும் உண்டு. நான்கு மாதம் கழித்து விடுதலை செய்தார்கள். 'முகமெல்லாம் தெளிஞ்சு, கொஞ்சம் சதை போட்டு, பழைய பிள்ளையா வந்தான். சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியலே' என்றார் அம்மாள்.

நான்காம் நாள் குளியலறைக் கதவு திறக்கவில்லை. உடைத்துப் பார்த்தால், தரையில் கிடக்கிறான். உதடு நீலம் பாரித்து, தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். தீயணைப்புப் படையினர் வந்து மூக்கில் மருந்து பீய்ச்சிப் பிழைக்க வைத்தார்கள்.

ஏன் இப்படி ஆகிறது?

இதை நாம் சமையலறை பாஷையிலேயே புரிந்துகொள்ளலாம். தினமும் ஆவக்காய் ஊறுகாயும் பச்சை மிளகாயுமாகச் சாப்பிட்டுப் பழகியவருக்கு எவ்வளவு காரமும் உறைக்காது. அவரே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கஞ்சியும் ரொட்டியுமாக இருந்துவிட்டு வந்து, பழைய கணக்கில் ஊறுகாயை அள்ளிப் போட்டுக்கொண்டால்? வயிறு எரிந்து துடிப்பார் இல்லையா? அபின் வகைப் போதையும் அப்படித்தான். தினமும் எடுக்கும்போது உடம்பு அதைத் தாங்கப் பழகியிருக்கும். சிறையில் சில வாரம் நிறுத்தியதும் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆசை மட்டும் போவதில்லை! வெளியே வந்ததும் பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான். வயிற்றெரிச்சலோடு போகிற விஷயமா அது? இந்த மருந்துகள் மூளையில் மூச்சு விடச் சொல்லும் இடத்தையே தூங்க வைத்துவிடுகின்றன. மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடுகிறது. போதாததற்கு, இப்போது அங்கே தெருவில் விற்பதில் ஃபென்டனில் என்ற ரசாயனம் கலந்திருக்கிறது. அது ஹெராயினைப் போல் ஐம்பது மடங்கு வீரியம்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 1999 முதல் 2003 வரை சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்து 2007ல் வெளியிட்டார்கள். விடுதலையான முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் இறக்கும் அபாயம் மற்ற ஜனங்களைவிட சுமார் 13 மடங்கு. போதை மருந்து அளவு மீறி இறக்கும் அபாயம் மட்டும் தனியாகப் பார்த்தால் 129 மடங்கு! படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினான்கு நாள் என்று நான் சொல்வதற்கு அர்த்தம் இதுதான்.

இரண்டாவது முறை

அவன் திரும்பவும் பிடிபட்டான். இந்த முறை எங்கள் ஊரிலேயே. ஆனால் காலம் மாறியிருந்தது. ரோட் ஐலண்டில் 2016ல், சிறைக்குள்ளேயே இந்தப் போதை நோய்க்கு முறையான வைத்தியம் ஆரம்பித்திருந்தார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரையும் விசாரித்து, நோய் இருப்பவருக்கு மூன்று மருந்துகளில் பொருத்தமானதைத் தருகிறார்கள். வெளியே இருந்தபோது ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவருக்கு அதை நிறுத்துவதில்லை. விடுதலையாகும் நாளில் வெளியே எந்த மருத்துவ நிலையத்துக்குப் போகவேண்டும் என்பதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.

அந்த மூன்று மருந்துகள் என்னென்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மெத்தடோன். பெரும்பாலும் திரவமாகக் குடிக்கத் தருகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை போதும். உடம்பு வலியும் வெறியும் அடங்கும். சரியான அளவில் பழகியவருக்கு மயக்கமோ கிறக்கமோ இராது, வேலை வெட்டிக்குப் போகலாம்.

இரண்டாவது, பூப்ரினார்பின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விடவேண்டும். இது ஓரளவுக்கு மேல் வேலை செய்யாது என்பதால், அளவு மீறி மூச்சு நிற்கும் பயம் குறைவு. மாதம் ஒரு முறை போடும் ஊசியாகவும் இப்போது இருக்கிறது.

மூன்றாவது, நால்ட்ரெக்ஸோன். இது போதை ஏறவே விடாமல் தடுப்பது. இதை ஆரம்பிக்க ஒரு வாரம், பத்து நாளாவது உடம்பில் போதை இல்லாமல் இருக்கவேண்டும்.

இதன் பலன் என்ன? 2016ன் முதல் ஆறு மாதத்தில் அந்த மாநிலத்தில் போதை அளவு மீறி இறந்தவர்கள் 179 பேர். அவர்களில் சமீபத்தில் சிறையிலிருந்து வந்தவர்கள் 26 பேர். வைத்தியம் ஆரம்பித்த பிறகு, 2017ன் முதல் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 157 பேர். அவர்களில் சிறையிலிருந்து வந்தவர்கள் 9 பேர்தான். ஐந்தில் மூன்று பங்கு குறைந்துவிட்டது! இந்தக் கணக்கு 2018ல் மருத்துவப் பத்திரிகையில் வெளியானது.

அந்தப் பதினான்கு நாட்கள்

2019 பிப்ரவரியில் அவன் விடுதலையானான். உள்ளே இருந்த மாதங்களெல்லாம் மெத்தடோன் குடித்து வந்தான். விடுதலையான மறுநாள் காலையிலிருந்து ஊரில் இருக்கும் மருத்துவ நிலையத்தில் போய்க் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு நாள்கூடத் தவறக்கூடாது.

பனிக்காலம், விடியற்காலை, பேருந்து சரியாக வராது. அம்மாளுக்குக் கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கார் ஓட்டக்கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "ரெண்டு வாரம் மட்டும் நீ கொண்டுபோய் விடுவியா?"

என் கணவருக்குக் கொஞ்சம் தயக்கம். "போதைக்குப் பதிலா இன்னொரு போதைதானே? அதுக்கு நீ வேற துணையா?" என்றார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. யாரிடமாவது கேட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஐந்தரை மணிக்கே அங்கே வரிசை நிற்கும். எப்படிப்பட்ட ஆட்களோ என்று யோசித்துக்கொண்டே போனேன். தச்சு வேலைக்காரர் ஒருவர், பென்சில் காதில் செருகியபடி. அலுவலகத்துக்குக் கிளம்பிய உடையில் ஒரு பெண்மணி. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பெண். ஒவ்வொருவராக ஜன்னலருகே போகவேண்டியது, நர்ஸ் அளந்து தரும் மருந்தை அவர் கண் முன்னாலேயே குடிக்கவேண்டியது, விழுங்கிவிட்டோம் என்று தெரிவதற்காக 'தாங்க் யூ' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டியது. ஐந்து நிமிஷம்தான். பிறகு அவரவர் வேலைக்கு.

அங்கிருந்த ஆலோசகப் பெண்மணியிடம் என் கணவர் கேட்ட கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹெராயின் நாலைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும். உடனே அடுத்ததுக்கு அலையவேண்டும். ஒரு நாளைக்கு நாலு தரம் ஏறி இறங்கும் மனுஷனால் வேலைக்குப் போகமுடியுமா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பமுடியுமா? இது நாள் முழுக்க ஒரே நிதானத்தில் நிற்கிறது. சர்க்கரை நோய்க்காரர் மாத்திரை சாப்பிடுவதை யாராவது அடிமைத்தனம் என்கிறோமா?" என் மாமியார் இருபது வருஷமாக இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். எனக்குச் சட்டென்று புரிந்தது. வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். மறுநாளிலிருந்து விடியற்காலையில் காரின் மேல் உறைந்த பனியைச் சுரண்டித் தருவது அவர் வேலையாயிற்று!

கைக்குழந்தையோடு வந்த பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். அவள் சிறையில் இருந்தபோது கர்ப்பிணி. கர்ப்ப காலத்தில் இந்தப் போதையைத் திடீரென்று நிறுத்தினால் வயிற்றிலிருக்கும் சிசுவுக்கு ஆபத்து, மெத்தடோனோ பூப்ரினார்பினோ கொடுத்துக் காப்பாற்றுவதே முறை என்கிறார்கள் மருத்துவர்கள். பிறந்த குழந்தை சில நாள் நடுங்கி அழும். வெளிச்சம் குறைந்த அறையில் துணியால் இதமாகச் சுற்றி, தாயின் மார்போடு அணைத்து வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தேறிவிடுமாம். தாய் மருந்தில் நிலையாக இருந்தால் தாய்ப்பாலும் கொடுக்கலாம். அந்தக் குழந்தை வரிசையில் நின்ற தச்சருடைய தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் மட்டும் என்னால் மறக்கமுடியாது. அன்று சாயந்திரம் நன்னடத்தை அதிகாரியைப் பார்க்கப் போனவன் நான்கு மணிக்கு வரவேண்டியது, ஆறாகியும் வரவில்லை. பழைய சிநேகிதர்கள் இருக்கும் தெரு அந்த வழியில்தான். அம்மாள் ஒன்றும் பேசவில்லை. சமையலறை இழுப்பறையைத் திறந்து, கரண்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த மூக்கு மருந்தை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஜன்னலருகே நின்றோம். அவர் கை ஜில்லென்றிருந்தது. ஆறரைக்கு வந்து சேர்ந்தான், பனியில் தொப்பலாக நனைந்து. பேருந்தைத் தவறவிட்டு மூன்று மைல் நடந்தே வந்திருக்கிறான்! அம்மாள் ஏதும் கேட்காமல் சூடாக ஒரு தட்டு கிரேவியும் பாஸ்தாவும் வைத்தார். அவன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "அந்தத் தெரு வழியாத்தாம்மா வந்தேன். நிக்கலே. காலையில மருந்து குடிச்சிருந்தேனில்லே, உடம்பு கேக்கலே."

மனசு உறுதியாக இருந்தால் போதும் என்கிறோம். உடம்பு கேட்காமல் இருந்தால்தானே மனசு உறுதியாக நிற்கமுடியும்!

பதினான்கு நாள் கடந்தது. இரண்டு மாதத்தில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது. இன்றைக்கும் மெத்தடோன் குடிக்கிறான். 2020ல் கொரோனா வந்தபோது, நிலையாக இருப்பவர்களுக்குச் சில வாரத்து மருந்தை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசாங்கம் அனுமதித்தது. பூட்டு போட்ட பெட்டியில்தான் வைத்துக்கொள்ளவேண்டும். ஏனென்றால் பழக்கமில்லாத குழந்தை ஒரு வாய் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. அந்தப் பெட்டியின் சாவி அவன் கழுத்துச் சங்கிலியில், சிலுவையோடு சேர்ந்து தொங்குகிறது.

ஒரு பெண் டாக்டர் போட்ட விதை

இந்த வைத்தியத்தின் ஆரம்பத்தில் ஒரு பெண்மணி இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பெயர் மேரி நைஸ்வாண்டர், மனநல மருத்துவர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் 1935ல் ஒரு விசித்திரமான இடம் திறந்தார்கள். பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி. போதை வழக்குக் கைதிகளை அங்கே வைத்துப் போதையை நிறுத்தி அனுப்புவார்கள். வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடியும் போதைக்கே திரும்பினார்கள். 1940களில் அங்கே வேலை பார்த்தவர் நைஸ்வாண்டர். இவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல் நோயாளியாகப் பார்க்கவேண்டும் என்று 1956ல் புத்தகமே எழுதினார். 1964ல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல் என்ற டாக்டருடனும், மேரி ஜீன் க்ரீக் என்ற இன்னொரு பெண் டாக்டருடனும் சேர்ந்து மெத்தடோன் வைத்தியத்தைத் தொடங்கினார். நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் 1987லேயே கைதிகளுக்கு இதைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற சிறைகள் பலவும் விழித்துக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் எத்தனை பிள்ளைகள் போனார்களோ!

ஊரிலிருந்து ஒரு தொலைபேசி

இதையெல்லாம் மன்னார்குடியில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தேன். முதலில், "ஏண்டி, ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவனைக் கார்ல ஏத்திக்கிட்டுப் போறியாமே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று ஒரு மூச்சுத் திட்டினாள். சில மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் தணிந்திருந்தது. "நம்ம தெருவுல ஒரு பையன்டி. மெட்ராஸுக்கு வேலைக்குப் போன இடத்துல ஊசி போட்டுக்கப் பழகிட்டான். போலீஸ் பிடிச்சு மூணு மாசமா உள்ளே இருக்கான். அடுத்த வாரம் ஜாமீன்ல வர்றானாம். அவன் அம்மா கோயில்ல மொட்டை போடறேன்னு வேண்டிக்கிட்டிருக்கா. நீ சொன்னியே பதினாலு நாள்னு, அதை அவகிட்ட நீயே சொல்லேன்."

சொன்னேன். அந்தத் தாய் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இங்கே அந்த மருந்து கிடைக்குமாம்மா?" என்று கேட்டார். அதற்காகத்தான் நம் நாட்டு நிலவரத்தையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

கிடைக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆதரவில், ஊசியால் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்கு பூப்ரினார்பின் மாத்திரை தரும் மையங்கள் நம் நாட்டில் பல ஊர்களில் உண்டு. டெல்லி திகார் சிறையில் 2008லேயே கைதிகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பஞ்சாபில் 2018ல் தொடங்கிப் பெரிய அளவில் இதற்கென்றே மருத்துவ நிலையங்கள் திறந்தார்கள். 2019ல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்புப்படி, நம் நாட்டில் அபின் வகைப் போதையால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 77 லட்சம் பேர். தமிழ்நாட்டிலும் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு உயிர் விட்ட இளைஞர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோம். அதனால், 'அது அமெரிக்கா சமாசாரம்' என்று தள்ளிவிட முடியாது.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1985ம் வருஷத்துப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதை உட்கொண்டதாகவோ சிறிதளவு வைத்திருந்ததாகவோ வழக்கு வந்தவர், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், அந்தக் குற்றத்துக்கு வழக்குத் தொடராமல் விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். பல வக்கீல்கள் இதை வாயே திறப்பதில்லை. நாம்தான் கேட்கவேண்டும்.

வெட்கப்பட்டு வீட்டுக்குள் முடங்கவும் வேண்டாம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்கிறோமே, அதை 1980ல் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடிப் பழக்கத்தால் கணவரை இழந்த பெண்மணி அவர். தன் துக்கத்தை மூடி மறைக்காமல் மற்ற குடும்பங்களுக்கு வழியாக்கினார். 1992ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

வீட்டுப் பெண்கள் கவனத்துக்கு

மன்னார்குடித் தாய்க்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

விடுதலைக்கு முன்பே ஏற்பாடு தொடங்கவேண்டும். சிறை டாக்டரிடம் மனுக் கொடுத்து, உள்ளே என்ன மருந்து தந்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். வெளியே வந்த அன்றோ மறுநாளோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். விருந்தும் கோயிலும் அதற்குப் பிறகு இருக்கட்டும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் அது, கட்டணம் கிடையாது.

முதல் இரண்டு வாரம் தனியாக விடாதீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்தாலும் தப்பில்லை. 'நிறுத்தி இருந்தாயே, மறுபடி தொட்டால் பழைய அளவு உன்னைக் கொன்றுவிடும்' என்று பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவனுக்கே பெரும்பாலும் இது தெரியாது.

எழுப்பினால் எழுந்திருக்காமல், குறட்டை போலவோ தொண்டையில் நீர் கொப்பளிப்பது போலவோ மூச்சு விட்டு, உதடு நீலமாகி, கண்ணின் மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். 'அபின் வகைப் போதை' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை மீட்கும் நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து நம் மருத்துவமனைகளில் ஊசியாக இருக்கிறது. அமெரிக்காவில் 2023லிருந்து மூக்கு மருந்தாக, டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் விற்கிறார்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை மூச்சு நின்றிருந்தால், தலையைச் சாய்த்து மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மோர், எலுமிச்சம்பழச் சாறு, உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுவதும் பயனில்லை. நலாக்ஸோன் போட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் அதன் வேகம் தணிந்து மறுபடி மூச்சு அடங்கலாம்.

மருந்து ஆரம்பித்த பிறகு, 'எப்போடா நிறுத்தப் போறே?' என்று நச்சரிக்க வேண்டாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும். அவசரப்பட்டு நிறுத்தியவர்கள்தான் அதிகம் இறந்துபோகிறார்கள். மருந்தை மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அந்தத் தாய் எல்லாவற்றையும் பேத்தியின் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். ஜாமீனில் வந்த பையனை மறுநாள் காலையே பஸ் ஏற்றித் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நடுவில் ஒரு தரம் வழுக்கி விழுந்து மறுபடி எழுந்திருக்கிறான். வழக்கு இன்னும் நடக்கிறது. மாதத்துக்கொரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அம்மாவும் கூடவே போகிறாராம். "என்னைவிட உயரமா வளர்ந்துட்டான், ஆனா கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கூட்டிப் போறேன்" என்று சொன்னாராம். அம்மா போனில் சொல்லிவிட்டு, "நீ எழுதறதானா இதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.